ஏழாவது கணினியின் முகம்

நூலகத்தில் ஏழு கணினிகள். ஏழிலும் ஒரே இயங்குதளத்தின் ஒரே பதிப்பைத்தான் ஏற்றியிருந்தார்கள். ஒரே நாளில், ஒரே கையால். ஆறு கணினிகள் சாது. ஏழாவது மட்டும் சில நாள் காலையில் வேறு முகத்தோடு கண் விழித்தது. முந்தின நாள் மாலை, கணினி ஓடட்டும் என்று திரையை மட்டும் அணைக்கும்போது சாம்பல் நிறம், கீழே ஒரு பட்டை, நான்கு பொத்தான். காலையில் பார்த்தால் நீலத் திரை, மேலே ஒரு பட்டை, தட்டு அகலத்துக்கு ஒரு கடிகாரம். இடையில் யாரும் தொடவில்லை. அறை பூட்டியிருந்தது.

அந்த ஏழாவது கணினி இருந்த இடம்தான் வம்பு. படித்து முடித்த புத்தகங்களைத் திரும்பப் பெறும் மேசை அது. அங்கே உட்கார்ந்திருந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். திரையைப் பார்க்காமலே வேலை செய்வார். இடது கையால் புத்தகத்தை ஸ்கேனர் முன்னால் காட்டுவார், வலது கை ஆள்காட்டி விரலால் F9 பொத்தானைத் தட்டுவார். F9 தட்டினால் புத்தகம் திரும்பி வந்துவிட்டதாக நூலக நிரல் எழுதிக்கொள்ளும். இது சாம்பல் முகத்தில். நீல முகத்தில் அதே F9-ஐ நூலக நிரலுக்குப் போகவிடாமல் டெஸ்க்டாப்பே நடுவழியில் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டு, திறந்திருக்கும் சன்னல்களையெல்லாம் அழகாக ஓரத்துக்கு ஒதுக்கிக் காட்டும். மறுபடி தட்டினால் அவை பழைய இடத்துக்கே வந்துவிடும்.

போன மாதம் ஒரு நாள் முழுக்க அந்த அம்மாள் புத்தகத்தைக் காட்டினார், தட்டினார், காட்டினார், தட்டினார். சன்னல்கள் ஓரம் போய்த் திரும்பி வந்தன. இருநூற்றுப் பதினான்கு புத்தகங்கள் அலமாரிக்குப் போய்ச் சேர்ந்தன. ஒன்றுகூடக் கணக்கில் ஏறவில்லை. அடுத்த வாரம் இருநூற்றுப் பதினான்கு பேருக்கு "புத்தகத்தை ஏன் திருப்பவில்லை" என்று கடிதம் போனது. அவர்களில் பாதிப்பேர் கடிதத்தோடு நேரில் வந்தார்கள். வந்தவர்கள் கணினியைத் திட்டவில்லை.

"ஏம்மா, பேய் பிடிச்சது இந்த மிஷினுக்கா, இல்ல செஞ்சு குடுத்த உங்களுக்கா?" என்று கேட்டார் மேசைக்கார அம்மாள். "வர்றவங்க எல்லாம் என்னைத் திருடி மாதிரி பாக்குறாங்க. முப்பது வருஷ சர்வீஸ்ல எனக்கு இது தேவையா?"

கேட்கப்பட்டவள் மேசைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். அலுவலகத்தில் அவளைத் தாழ்ப்பாள் என்று கூப்பிடுவார்கள். 'எறும்பு' என்ற யூனிக்ஸ் இயங்குதளத்தை ஒன்பது பேர் சேர்ந்து ஆக்கிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு பகுதி. எல்லாப் பகுதியையும் ஒன்றாகக் கோத்து, கணினியில் ஏற்றும் இன்ஸ்டாலரையும் எழுதி, "இது வெளியே போகலாம்" என்று கையெழுத்துப் போடுகிறவள் அவள். அவள் திறக்காமல் எந்தப் பதிப்பும் வாசல் தாண்டாது. அதனால்தான் அந்தப் பெயர்.

"இன்னிக்குக் கண்டுபிடிச்சிடறேம்மா."

"போன தடவையும் இதைத்தான் சொன்னீங்க. அதுக்கு முந்தின தடவையும்."

உண்மைதான். ஒவ்வொரு முறையும் வந்து, கடைசியாக வந்த அப்டேட்டை எடுத்துவிட்டுப் பழையதைத் திரும்பப் போடுவாள். சாம்பல் முகம் வந்துவிடும். இன்றும் வந்தவுடன் முதலில் அதைத்தான் செய்திருந்தாள். இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி நீலம். நோய் தெரியாமல் பத்தியம் இருந்த கதை.

கண்ணாடி அறைக்குள்ளிருந்து தலைமை நூலகர் வெளியே வந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"முப்பது கிளை நூலகத்துக்கும் உங்க சிஸ்டத்தைப் போடலாமா வேண்டாமான்னு அடுத்த புதன்கிழமை முடிவு பண்றோம். அதுவரைக்கும் இந்த மேசைல இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, நீங்க வந்து சமாதானம் சொல்ல வேண்டியதில்ல. ஏழு மிஷினையும் பழையபடி மாத்திடுவோம். ரெண்டு வருஷமா நடந்து நடந்து கேட்டீங்களேன்னு குடுத்தேன்."

அவ்வளவுதான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இரண்டு வருஷம் என்பதும் உண்மைதான். எறும்பைப் பொழுதுபோக்குக்கு வைத்துப் பார்க்கிறவர்கள் உலகத்தில் ஆயிரம் பேர் இருக்கலாம். அதை நம்பி வேலைக்கு வருகிறவர்கள் இந்த நூலகத்தில்தான் இருந்தார்கள். இது போனால் ஒன்பது பேரும் தங்களுக்காகத் தாங்களே சமைத்துத் தாங்களே சாப்பிட்டுக்கொள்ளலாம்.

அவள் ஏழாவது கணினியின் நாற்காலியில் உட்கார்ந்தாள். பிரித்துப் பார்ப்பதற்கு முன்னால் வெறுமனே பார்ப்பது என்று முடிவு செய்தாள். அணைத்து, மறுபடி போட்டாள். திரை கறுத்தது, வெளுத்தது, நேராக டெஸ்க்டாப் வந்து நின்றது.

எழுந்துபோய் மூன்றாவது கணினியை அணைத்துப் போட்டாள். அது நடுவில் நின்று, "யார் நீ, கடவுச்சொல் என்ன" என்று கேட்டது. அந்தக் கேள்விக்கு அடியில் மூலையில் ஒரு சின்னப் பல்சக்கரப் படம்.

"இது மட்டும் ஏன் யாருன்னு கேக்க மாட்டேங்குது?"

"நானே கேக்க வேண்டாம்னு சொன்னேன்" என்றார் அம்மாள். "நான் சாப்பிடப் போனா வேற ஆள் உக்காருவாங்க. யார் உக்காந்தாலும் புத்தகம் வாங்கணும்ல. நீங்கதானே மாத்திக் குடுத்தீங்க."

இங்கே ஒரு சின்ன விஷயத்தைச் சொல்ல வேண்டும். எறும்புக்குள் இரண்டு டெஸ்க்டாப்புகள் இருந்தன. நீலத்துக்குப் பெயர் முற்றம், சாம்பலுக்குப் பெயர் பலகை. கடவுச்சொல் தட்டி நுழைகிறவர் அந்தப் பல்சக்கரத்தை ஒரு முறை அழுத்தி, இரண்டில் எது வேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும். அந்த ஆளின் பெயருக்கு நேரே அது எழுதப்பட்டுவிடும், பிறகு எப்போதும் அதுதான். ஆறு கணினிகளில் ஆறு ஊழியர்கள் எப்போதோ ஒரு நாள் அழுத்தியிருந்தார்கள். ஏழாவது யாரையும் எதையும் கேட்காமல் நேராக உள்ளே போகும். அங்கே யாரும் எதையும் தேர்ந்தெடுத்ததில்லை. யாரும் தேர்ந்தெடுக்காதபோது வந்து நிற்பதற்குத்தான் டீஃபால்ட் என்று பெயர். ஆக, மற்ற ஆறும் நலமாக இருந்ததற்குக் காரணம் அவை டீஃபால்ட்டைத் தொடவே இல்லை என்பதுதான். மாறிக்கொண்டிருந்தது டீஃபால்ட்.

"என்னென்னிக்கு மாறிச்சுன்னு ஞாபகம் இருக்காம்மா?"

அம்மாள் இழுப்பறையிலிருந்து ஒரு பழைய அட்டவணை அட்டையை எடுத்துப் போட்டார். பின்பக்கம் பென்சிலில் எட்டுத் தேதிகள். "என்னிக்காவது ஒரு நாள் உங்க மூஞ்சில வீசணும்னு எழுதி வச்சேன்."

எட்டும் திங்கள்கிழமைகள்.

திங்கள்கிழமை காலை ஐந்து மணிக்குத்தான் எறும்பின் வார அப்டேட் போய்க் கணினிகளை ஒரு முறை அணைத்துப் போடும்.

*

அலுவலகம் ஓர் அச்சகத்துக்கு மேல் மாடி. கீழே இயந்திரம் ஓடினால் மேலே தண்ணீர்க் குவளை நடுங்கும். நீளமான ஓர் அறை, நடுவில் புத்தக அலமாரிகளை வரிசையாக நிறுத்தித் தடுத்திருந்தார்கள். சன்னல் பக்கம் முற்றத்துக்காரர்கள், கதவுப் பக்கம் பலகைக்காரர்கள். அலமாரிகள் நான்கு மாதத்துக்கு முன்னால் வந்தவை. அதற்கு முன் அறை ஒன்றாக இருந்தது.

முற்றத்தை எழுதியவன் அவள் கணவன். கண்ணாடி போல ஒளி ஊடுருவும் சன்னல்கள் அவனுக்கு உயிர். அவன் பட்டப்பெயரும் கண்ணாடி. பலகையை எழுதியவன் அவள் தம்பி. அரை மெகாபைட் நினைவகம் வீணானால் அவனுக்குத் தூக்கம் வராது. அவன் பெயர் சிக்கனம். இருவரும் வீட்டிலும் ஒரே கட்டடம்தான், தம்பி மேல்தளம். ஞாயிற்றுக்கிழமை ஒன்றாகத்தான் சாப்பாடு. "உன் தம்பிகிட்ட உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்பான் கணவன். தம்பி உப்பை எடுத்து அக்காவுக்குப் பக்கத்தில் வைப்பான். இரண்டு அங்குலம் தள்ளியிருந்த கணவனுக்கு அவள் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

எது டீஃபால்ட் என்று போன வருஷம் தொடங்கிய சண்டை. முடிவு வராததால், எறும்பை ஏற்றும் வட்டில் இரண்டையும் போட்டுவிடலாம் என்று ஒரு சமரசம் செய்தார்கள். சமரசம் என்று அப்போது நினைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் அவளும் தலையாட்டினாள்.

முற்றத்தையும் பலகையையும் கட்டி அனுப்பும் மூட்டைகளான இரண்டு பேக்கேஜ்களையும் அவள் பிரித்தாள். இரண்டு டெஸ்க்டாப் ஒரே கணினியில் இருந்தால், எது முதலில் வர வேண்டும் என்று தீர்மானிக்க யூனிக்ஸ் உலகத்தில் ஒரு பழைய, நேர்மையான வழி உண்டு. ஒவ்வொரு பேக்கேஜும் உள்ளே வரும்போது ஓர் எண்ணைச் சொல்லும். 'மாற்றி' என்ற சின்ன நிரல் அந்த எண்களை ஒரு பதிவேட்டில் எழுதி வைத்து, பெரிய எண் எதுவோ அதை முன்னால் நிறுத்தும். இந்த ஏற்பாடு ஒன்றே ஒன்றை நம்பித்தான் நடக்கிறது: எண்ணைச் சொல்கிறவன் யோக்கியமாகச் சொல்வான் என்பதை.

போன வருஷம் முற்றம் 50, பலகை 50. பிறகு பலகை 51. அடுத்த திங்கள் முற்றம் 55. பலகை 60. முற்றம் 100. பலகை 101. இப்படியே ஏறி, போன வாரம் முற்றம் 950-ல் வந்து நின்றது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும் என்பது அலுவலக விதி. இருவரும் விதியை மதித்திருந்தார்கள். எல்லா வரியிலும் ஒரே காரணம்: சிறு திருத்தங்கள்.

அம்மாளின் அட்டையிலிருந்து குறித்துவந்த தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். முற்றத்தின் எண் ஏறிய நாட்களோடு எட்டுத் தேதிகளும் விரல் வைத்தது போல் பொருந்தின. வார அப்டேட்கள் அவள் கையெழுத்துக்கு வருவதில்லை. அவரவர் நேராக அனுப்பிக்கொள்ளலாம். தாழ்ப்பாள் வாசலில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆட்கள் கொல்லைப்புறமாகப் போய் வந்துகொண்டிருந்தார்கள்.

மறுநாள் கூட்டத்தில் எண்களை அச்சடித்து மேசை நடுவில் போட்டாள். 

"முதல்ல ஏத்தினது யாரு? தேதியைப் பாருங்க" என்றான் கணவன்.

"ஒண்ணு ஏத்தினேன். இவர் அஞ்சு ஏத்தினார். வட்டிக்கு விடுறவர் மாதிரி" என்றான் தம்பி.

"அவன் டெஸ்க்டாப் ஆஸ்பத்திரி சுவர் மாதிரி இருக்கு. மனுஷன் காலைல முழிச்சு அதைப் பாக்கணுமா?"

"மாமாவோட டெஸ்க்டாப் முழிக்கறதுக்குள்ள மனுஷன் மறுபடி தூங்கிடுவான். அறுபத்தி நாலு செகண்ட். எண்ணிப் பாத்தேன்."

"மாப்ள, நீ எண்ணத்தான் லாயக்கு."

"நிறுத்துங்க" என்றாள் அவள். "இருநூத்திப் பதினாலு பேரு நம்மால அந்த அம்மாவைத் திருடின்னு பாத்திருக்காங்க. அடுத்த புதன் முப்பது கிளை போகப் போகுது. அதைப் பத்தி யாராவது ஒரு வார்த்தை?"

ஒருவர் தொண்டையைக் கனைத்து, ஓட்டெடுக்கலாம் என்றார். எட்டுப் பேர் கை தூக்கினார்கள். நாலுக்கு நாலு. சமமாக வந்தால் தாழ்ப்பாள் முடிவு செய்ய வேண்டும் என்பது விதி. கணவன் நாற்காலியில் சாய்ந்து, முடிந்துபோன காரியத்தைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தான். தம்பி சுவரைப் பார்த்தான்.

"கிளை நூலகத்து மிஷின் எல்லாம் பழசு" என்றாள். "ரெண்டு ஜிபி மெமரி. முற்றம் வந்து உக்காந்தா ஒண்ணேகால் அதுக்கே போயிடும். நூலக நிரல் நின்னுட்டுதான் வேலை செய்யணும். பலகை முந்நூறு எம்பில அடங்கிடுது. பத்தொன்பது செகண்ட்ல வருது. F9-ல கை வைக்கல. என் ஓட்டு பலகைக்கு."

"வீட்ல உன் கணினில என்ன இருக்கு?" கணவன் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

"முற்றம். எனக்குப் பிடிச்சது அதான். நான் தேடிப் போய்த் தேர்ந்தெடுத்தேன். தேர்ந்தெடுக்கத் தெரிஞ்சவளுக்கு டீஃபால்ட் எதுக்குங்க? அது அந்த அம்மா மாதிரி, தேர்ந்தெடுக்க நேரமில்லாதவங்களுக்கு."

"ரத்தம் தண்ணியவிடக் கெட்டிதான்" என்று சொல்லிவிட்டுக் கணவன் எழுந்தான்.

தம்பியின் முகம் விளக்கேற்றியதுபோல் ஆனது. "அப்போ இருக்கிற மிஷின் எல்லாத்துலயும் இந்தத் திங்கள்கிழமையே பலகை வந்துரும்ல அக்கா?"

"வராது. புது மிஷினுக்கு மட்டும். ஏற்கனவே முற்றம் வச்சிருக்கிறவன் வீட்ல போய் நீ எதுக்கு மூஞ்சிய மாத்தற?"

ஏற்றிய விளக்கு அணைந்தது. "அப்போ நான் ஜெயிச்சு என்ன பிரயோஜனம்?"

இரண்டு பேரும் திங்கள் அப்டேட்டில் எண்ணை 50-க்கு இறக்கிவிட வேண்டும் என்று கூட்டம் தீர்மானித்தது. இருவரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டல் அவளுக்குப் பரிச்சயமானது. வீட்டில் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்யச் சொன்னால் வருவது.

*

வெள்ளிக்கிழமை காலை, திங்களுக்குப் போகக் காத்திருந்த அப்டேட்களைப் பிரித்தாள். பலகை 51. முற்றம் 60.

அலமாரிக்கு இந்தப் பக்கம் ஒருவனையும் அந்தப் பக்கம் ஒருவனையும் நிற்க வைத்தாள்.

"அம்பதுன்னுதானே பேசினோம்?"

"அவன் அம்பத்தொண்ணு போடுவான்னு எனக்குத் தெரியும். அதான் அறுபது" என்றான் கணவன்.

"மாமா ஏத்துவாருன்னு எனக்கும் தெரியும்" என்றான் தம்பி.

"தெரிஞ்சா நீ ஏன் அம்பத்தொண்ணோட நிறுத்தின?"

"பெரியவராச்சே. ஒரு மரியாதைக்கு."

திங்கள்கிழமை காலை ஐந்து மணிக்கு 60 என்ற எண் அந்த மேசைக்குப் போய்ச் சேரும். ஒன்பது மணிக்கு அம்மாள் புத்தகத்தைக் காட்டுவார், தட்டுவார். சன்னல்கள் ஓரம் போகும். புதன்கிழமைக்கு வேலையே இருக்காது.

"ரெண்டு பேரும் இப்பவே உக்காந்து மாத்துங்க."

"அவன் முதல்ல."

"அவர் முதல்ல."

அவளே மாற்றிவிட முடியாதா என்றால், முடியாது. ஒருவர் பேக்கேஜுக்குள் இன்னொருவர் கை வைக்கக் கூடாது என்பது இந்த ஒன்பது பேரும் முதல் நாளில் எழுதிக்கொண்ட முதல் விதி. கை வைத்தால் அந்த வாரமே ஒன்பது பேர் நான்கும் ஐந்துமாகப் பிரிந்துபோவார்கள். பிறகு நூலகத்துக்குக் கொடுக்க எறும்பே இருக்காது. கணவன் கோபித்துக்கொண்டால் வீட்டில் பேச்சு நிற்கும், அவ்வளவுதான். விதி உடைந்தால் வேலை நிற்கும்.

தன் மேசைக்குத் திரும்பினாள். சோதனைக்கு என்று ஒரு பழைய பெட்டி அங்கே இருந்தது. நூலகத்து ஏழாவது கணினியின் அச்சு: அதே இரண்டு ஜிபி, அதே தானாக நுழைவது. மாற்றியின் பதிவேட்டைத் திறந்தாள். இந்த வாரத்தில் மட்டும் ஐம்பது தடவை திறந்திருப்பாள். ஒவ்வொரு தடவையும் கண் நேராக எண்களுக்குப் போகும். சண்டை எண்களில்தானே இருக்கிறது.

இந்தத் தடவை எண்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அதனால் மேலிருந்து படித்தாள். முதல் வரி:

நிலை: தானியங்கி.

அவள் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். தானியங்கி என்று ஒரு நிலை இருந்தால், தானியங்கி அல்லாத நிலை என்று ஒன்று இருக்க வேண்டும்.

மாற்றி மிகப் பழைய நிரல். அதை எழுதியவர் வேறு வேலைக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது. யாருக்கும் சொந்தமில்லை, யாரும் கவனிப்பதுமில்லை. ஆனால் எழுதிய மனிதர் சிரத்தையானவர், கையேடு எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். நான்காம் பக்கத்தில் அது இருந்தது. நிலை தானியங்கியாக இருக்கும்வரை மாற்றி எண்களைப் பார்க்கும், பெரியதை முன்னால் நிறுத்தும். ஒரு மனிதர் தன் கையால் "எனக்கு இதுதான்" என்று ஒரு முறை சொல்லிவிட்டால், நிலை 'கையால்' என்று ஆகும். அதன் பிறகு எந்த பேக்கேஜ் எந்த எண்ணோடு வந்தாலும், மாற்றி அந்த எண்ணைப் பணிவாக எழுதி வைத்துக்கொள்ளும். முன்னால் நிற்பதை அசைக்காது. அந்த மனிதரே வந்து மறுபடி சொன்னால், அல்லது முன்னால் நிற்கும் டெஸ்க்டாப்பையே அடியோடு அகற்றினால்தான் அசையும்.

அவளுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. இத்தனை மாதமும் இருவரும் கத்திக்கொண்டிருந்தது ஒரு காதுக்குள். அந்தக் காதை மூட ஒரு கதவு இருந்திருக்கிறது. அது இருவர் பேக்கேஜிலும் இல்லை. பதிவேடு மாற்றியினுடையது, மாற்றி யாருடையதும் அல்ல, அதனிடம் பேசுகிற உரிமை இன்ஸ்டாலருக்கு முதல் நாளிலிருந்தே உண்டு.

சோதனைப் பெட்டியில் கையால் பலகையை நிறுத்தினாள். முதல் வரி மாறியது. பிறகு முற்றத்தை 60-ஓடு ஏற்றினாள். பலகை நின்றது. 900-ஓடு ஏற்றினாள். நின்றது. ஒன்பதாயிரத்தோடு ஏற்றிப் பதினோரு முறை அணைத்துப் போட்டாள். பதினோரு முறையும் சாம்பல் திரை, நான்கு பொத்தான்.

ஒன்று மீதமிருந்தது. அவளுடைய திருத்தமும் திங்கள்கிழமை மற்றவற்றோடு சேர்ந்து போனால், எது முந்தி உள்ளே நுழையும் என்று சொல்ல முடியாது. முற்றம் முந்திக்கொண்டால், 60 பார்த்து முகம் நீலமாகிவிடும். பின்னாலேயே வருகிற அவள் திருத்தம் அந்த நீலத்தையே கையால் உறுதி செய்துவிட்டுப் போகும். திருடன் நுழைந்த பிறகு கதவைப் பூட்டினால் திருடனுக்குத்தான் பாதுகாப்பு. ஆனால் இன்ஸ்டாலரின் அவசரத் திருத்தத்துக்குத் திங்கள் வரை காத்திருக்க வேண்டியதில்லை. எந்த நாளும் அனுப்பலாம், மறுநாள் காலை ஐந்துக்குப் போய்ச் சேரும். வெள்ளி மாலை நாலரைக்கு அனுப்பினாள். காரணம் எழுதும் இடத்தில் சிறு திருத்தங்கள் என்று எழுதவில்லை. முழுதாக ஒன்பது வரி எழுதி, ஒன்பது பேருக்கும் காட்டினாள்.

தம்பி அலமாரியைச் சுற்றிக்கொண்டு வந்தான். "அக்கா, அப்போ என் நம்பரை யாருமே பாக்க மாட்டாங்களா?"

"எழுதி வச்சுக்கும். மரியாதைக்கு."

அவன் வந்த வழியே திரும்பிப் போனான். கணவன் வரவே இல்லை. வீட்டுக்குத் தனித்தனிப் பேருந்தில் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை மேசையில் மூன்று பேர் இருந்தார்கள், உப்பு நடுவில் இருந்தது, யாரும் யாரிடமும் கேட்கவில்லை. தம்பி உப்பில்லாமலே சாப்பிட்டுவிட்டு மாடி ஏறினான். கணவன் தன் தட்டைக் கழுவி வைத்தான், அவள் தட்டை விட்டுவிட்டு.

"எட்டு மாசம் அந்த அனிமேஷனுக்கு உக்காந்திருக்கேன்" என்றான், சுவரைப் பார்த்து.

"அது நல்லா இருக்குங்க. வேணுங்கறவங்க எடுத்துப்பாங்க."

"நீ பேசாத."

அவள் தன் தட்டைத் தானே எடுத்துக் கழுவினாள்.

திங்கள்கிழமை எட்டே முக்காலுக்கு நூலகத்தில் இருந்தாள். மூன்றாவது கணினியில் அப்டேட் பட்டியலைத் திறந்து பார்த்தாள். ஐந்து மணி மூன்று நிமிடத்துக்குப் பலகை 51 வந்திருந்தது. ஐந்து மணி நான்கு நிமிடத்துக்கு முற்றம் 60 வந்திருந்தது. இருவரில் ஒருவரும் மாற்றியிருக்கவில்லை.

அம்மாள் வந்தார், பையை வைத்தார், அவளைப் பார்த்தார்.

"வந்துட்டீங்களா. இன்னிக்கு என்ன கலரு?"

"நீங்களே போடுங்கம்மா."

திரையின் பொத்தானை அழுத்திவிட்டு, வழக்கப்படி திரையைப் பார்க்காமல் முதல் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். F9-ஐத் தட்டினார். நூலக நிரல் மெல்ல ஒரு 'டிக்' சொன்னது. அப்போதுதான் தலையைத் திருப்பினார். சாம்பல் திரை. கீழே பட்டை, நான்கு பொத்தான்.

"மாறல" என்றார். நன்றி சொல்லவில்லை. பென்சில் அட்டையை இழுப்பறையிலிருந்து எடுக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. "புதன் வரைக்கும் பாப்போம். அட்டை இங்கயேதான் இருக்கும்."

கண்ணாடி அறைக்குள்ளிருந்த தலைமை நூலகர் ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

அவள் மாற்றியின் பதிவேட்டைக் கடைசியாக ஒரு முறை திறந்தாள். முற்றம் 60, பலகை 51, முன்னால் நிற்பது பலகை, நிலை: கையால். முப்பது கிளைகளுக்கான வட்டிலும் அவள் எழுதியிருந்தது வெள்ளிக்கிழமை அனுப்பிய அதே இரண்டு வரிதான். புதுக் கணினியானால், பலகையைக் கையால் நிறுத்து. பழைய கணினி தானியங்கி நிலையில் இருந்தால், இப்போது திரையில் இருப்பது எதுவோ அதையே கையால் நிறுத்து.